கெக் இல்லாமல் வீட்டு பீரை பாட்டிலில் அடைப்பது: சர்க்கரைக் கணக்கிலிருந்து மூடி வரை

வாளியில் பீர் நொதித்துத் தெளிந்து நிற்கிறது. கெக் என்ற உலோக பீர்ப் பீப்பாய் இல்லை, கேஸ் சிலிண்டர் இல்லை, அடியில் குழாய் வைத்த பாட்டிலிங் வாளியும் இல்லை. பரவாயில்லை, இந்த வேலைக்கு அவை எதுவும் கட்டாயம் கிடையாது. உணவுக்குப் பயன்படுத்தக்கூடிய ஒன்றரை மீட்டர் சிலிகான் டியூப், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, ஹைட்ரோமீட்டர் (பீரின் அடர்த்தியை, அதன் மூலம் மிச்சமிருக்கும் சர்க்கரையைக் காட்டும் மிதவை), அழுத்தம் தாங்கும் பாட்டில்கள், அவற்றுக்குப் பொருந்தும் மூடிகள், ஒரு பெரிய பாத்திரம் அல்லது இரண்டாவது வாளி, இவ்வளவு போதும். இதிலும் எதையாவது குறைத்தே ஆக வேண்டும் என்றால் டியூபைக்கூடக் குறைத்துக்கொள்ளலாம், தராசையும் ஹைட்ரோமீட்டரையும் குறைக்காதீர்கள். முதல் மூன்று முறை நான் தேக்கரண்டியை நம்பித்தான் செய்தேன். அதனால் என்ன ஆனது என்பது கீழே வருகிறது.

வீட்டில் பீர் தயாரிப்பது சில நாடுகளில் சட்டப்படி சரி, சில இடங்களில் குற்றம். நீங்கள் இருக்கும் இடத்தில் எப்படி என்று பார்த்துக்கொண்டுதான் வாளியையே தொட்டிருப்பீர்கள் என்று நம்பி மேலே போகிறேன்.

பாட்டிலுக்குள் நடப்பது என்ன

பீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் அதில் ஈஸ்ட் இன்னும் லட்சக்கணக்கில் மிதந்துகொண்டுதான் இருக்கும். தின்பதற்குச் சர்க்கரை தீர்ந்துபோனதால் சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். அளந்த அளவு சர்க்கரையைக் கொடுத்து மூடியை இறுக்கிவிட்டால் மறுபடி கொஞ்சம் நொதிக்கும், கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு வரும், வெளியேற வழி இல்லாததால் அது பீரிலேயே கரையும். இப்படிச் சர்க்கரை சேர்ப்பதற்குத்தான் பிரைமிங் என்று பெயர். இதனால் ஆல்கஹால் கொஞ்சம் கூடும்தான், நாக்குக்குத் தெரியாத அளவு.

கேஸ் எவ்வளவு என்பதை ‘வால்யூம்’ என்ற அளவில் சொல்வார்கள். ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் கேஸ் கரைந்திருந்தால் அது 1 வால்யூம், எடையில் பார்த்தால் சுமார் 2 கிராம். ஏல் எனப்படும் சாதாரண பீர் வகைகளுக்கு 2.4 சுற்றி வைப்பார்கள், பிரிட்டிஷ் பாணி பிட்டர் என்றால் 1.5 முதல் 2 போதும், ஜெர்மன் கோதுமை பீர் 3-க்கு மேலே போகும். 2.5 வால்யூம் உள்ள பாட்டிலுக்குள் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2 பார் அழுத்தம் இருக்கும், அதாவது கார் டயருக்கு அடிக்கும் காற்றுக்குக் கிட்டத்தட்ட சமம். அலமாரியில் நாற்பது பாட்டிலை வரிசையாக அடுக்கும்போது இந்த ஒப்பீடு மனதில் இருந்தால் போதும், கை தானாகவே நிதானமாகிவிடும்.

முதலில், நொதித்தல் உண்மையிலேயே முடிந்ததா?

பாட்டில் வெடிப்பதற்கு முக்கியமான காரணம் பிரைமிங் சர்க்கரை அதிகமானது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அதைவிட அதிகமாக நடப்பது, பீர் பாதி நொதித்திருக்கும்போதே அவசரப்பட்டு அடைப்பது. ஹைட்ரோமீட்டரில் 0.001 இறங்கினால் ஏறக்குறைய அரை வால்யூம் கேஸ் வரும். 1.012-ல் நிற்க வேண்டிய பீரை 1.016-ல் அடைத்துவிட்டால், நீங்கள் சேர்த்த சர்க்கரை போக இன்னும் 2 வால்யூம் கூடுதலாக ஏறும், மொத்தம் நாலரை. சாதாரண பீர் பாட்டில் இதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

ஏர்லாக்கில், அதாவது வாளி மூடியில் கேஸை மட்டும் வெளியே விடும் நீரடைப்பில், குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூடி லேசாகக் கசிந்தால் நொதிக்கும்போதே குமிழி வராது, நொதித்து முடிந்த பிறகும் அறை சூடானால் குமிழி வரும். அது ஒரு பொம்மை மாதிரி, பார்க்க நன்றாக இருக்கும், தகவல் தராது. மாதிரி எடுத்து, குலுக்கிக் கேஸை வெளியேற்றி, ஹைட்ரோமீட்டரில் அளவு எடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து அதே வெப்பநிலையில் மறுபடி எடுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்து, அது ரெசிபி சொன்ன முடிவு அளவுக்குப் பக்கத்திலும் இருந்தால்தான் அடைக்கலாம். அளவு நகரவில்லை, ஆனால் 1.022 மாதிரி உயரத்தில் நின்றுவிட்டது என்றால் அது முடிந்த பீர் இல்லை, மாட்டிக்கொண்ட பீர். வாளியை 20, 22 டிகிரி உள்ள இடத்துக்கு மாற்றி, மெதுவாகச் சுழற்றி ஈஸ்டைக் கிளப்பிவிட்டு, ஒரு வாரம் காத்திருங்கள். அளவு பார்த்த மாதிரியை வாளியில் திரும்ப ஊற்றாதீர்கள். குடித்துவிடுங்கள், கேஸ் இல்லாத பீர்தான் என்றாலும் எப்படி வந்திருக்கிறது என்று அதிலேயே தெரியும். வெண்ணெய் வாசம் அடித்தால் இன்னும் சில நாள் ஈஸ்டோடு விட்டு வையுங்கள், அதுவே அந்த வாசத்தைச் சுத்தம் செய்துவிடும்.

பாட்டில்

கண்ணாடியில் பழுப்பு நிறமே சிறந்தது. ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து பீருக்கு வரும் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டால் அழுகல் நாற்றம் அடிக்கும் கந்தகச் சேர்மம் ஒன்று உருவாகும், பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சையும் வெள்ளையும் தடுக்காது. அவைதான் இருக்கின்றன என்றால் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள், அதோடு தீர்ந்தது.

திறப்பான் வைத்துத் திறக்கும் சோடா மூடி பாட்டில் நல்லது. கையால் திருகித் திறக்கும் வகையை விட்டுவிடுங்கள், அதன் விளிம்பில் கைக்கருவியால் இறுக்கும் மூடி சரியாகப் பிடிக்காது. கம்பியும் ரப்பர் வாஷரும் உள்ள ஸ்விங் டாப் பாட்டில் அருமை, மூடும் கருவியே வேண்டாம், ரப்பர் வெடித்திருந்தால் மட்டும் மாற்ற வேண்டும். ஒயின் பாட்டில், ஜாம் பாட்டில், சதுரமாக இருக்கும் அலங்கார பாட்டில் எதுவும் வேண்டாம், அவை அழுத்தத்துக்காகச் செய்தவை அல்ல. ஷாம்பெயின் பாட்டில் தாங்கும், ஆனால் சில ஷாம்பெயின் பாட்டில்களுக்கு வழக்கமான 26 மி.மீ. மூடி பொருந்தாது, 29 மி.மீ. வேண்டும். ஒரு மூடியை வைத்துப் பார்த்துவிட்டு எண்ணிக்கையைத் தீர்மானியுங்கள்.

கருவி மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு என் வாக்கு குளிர்பானம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத்தான். பீர் ரசிகர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கேஸ் உள்ள பானத்துக்காகவே செய்யப்பட்டது, திருகு மூடி அதனுடனேயே வருகிறது, கண்ணாடிச் சில்லு பயம் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் அமுக்கிப் பார்த்தாலே உள்ளே கேஸ் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். குடிநீர் வந்த மெல்லிய பாட்டில் இதில் சேராது, குளிர்பான பாட்டில் மட்டும். குறை என்று பார்த்தால், பிளாஸ்டிக் வழியே ஆக்சிஜன் மெல்ல உள்ளே வரும், அதனால் இரண்டு மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும். கொதிநீர் ஊற்றினால் நெளிந்துவிடும். பழைய பானத்தின் வாசனை போகாத பாட்டில் என்றால் தூக்கி எறிவது தவிர வழியில்லை. கண்ணாடியிலேயே அடைப்பவர்களும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை நிரப்பி வையுங்கள், மற்றவை எந்த நிலையில் இருக்கின்றன என்று அது சொல்லிவிடும்.

20 லிட்டர் பீருக்கு 330 மி.லி. பாட்டில் என்றால் அறுபது, 500 என்றால் நாற்பது, 650 என்றால் முப்பது. இரண்டு மூன்று உபரியாகத் தயார் செய்யுங்கள். பாதியில் பாட்டில் பற்றாமல் போய், ஒரு கையில் டியூபைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுக்குப் பாட்டிலைக் கழுவிய அனுபவம் எனக்கு உண்டு.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

கண்ணுக்குத் தெரியும் அழுக்கு போகாமல் எந்த மருந்தும் கிருமியைக் கொல்லாது. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். காய்ந்த மண்டி வளையமாக ஒட்டியிருந்தால் சலவைச் சோடாவோ, வாசனை சேர்க்காத சோடியம் பெர்கார்பனேட்டோ கரைத்த வெந்நீரில் ஓர் இரவு ஊற வைத்து, பிரஷ் போட்டு, நன்றாக அலசுங்கள். லேபிளும் பெரும்பாலும் அந்த ஊறலிலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வளையம் போகவே இல்லை என்றால் அந்த ஒரு பாட்டிலுக்காக மல்லுக்கட்டாதீர்கள்.

கிருமி நீக்க, அலச வேண்டாத பாஸ்பாரிக் அமில வகை சானிடைசர் கிடைத்தால் அதுதான் சுலபம். புட்டியில் போட்டிருக்கும் அளவுக்குக் கலக்கி, உள்ளே எல்லாப் பக்கமும் நனையும்படி குலுக்கி, ஒன்றிரண்டு நிமிடம் விட்டுக் கவிழ்த்தால் முடிந்தது. நுரை மிஞ்சினால் கவலைப்படாதீர்கள், அது பீரைக் கெடுக்காது. இது கிடைக்காவிட்டால் கண்ணாடி பாட்டிலுக்கு பேக்கிங் அவன் இருக்கிறது: வாயில் அலுமினியத் தாள் சுற்றி, குளிர்ந்த அவனில் வைத்து, மெல்ல 170 டிகிரிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டு, அவனுக்குள்ளேயே ஆற விடுங்கள். முந்தைய நாளே செய்து வைத்துவிடலாம். ரப்பர் வாஷரைக் கழற்றிவிட்டு வையுங்கள். சூடாக இருக்கும் பாட்டிலை வெளியே எடுத்தால் விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியாத விரிசல்தான் பின்னால் வேலையைக் காட்டும்.

பிளீச்சிங் திரவம் கடைசி வழி. வாசனை சேர்க்காத 5 சதவீதத் திரவம் லிட்டருக்கு 4 மி.லி., இருபது நிமிடம் ஊறல், பிறகு கொதித்து ஆறிய நீரில் இரண்டு மூன்று முறை அலசல். ஒரு துளி மிஞ்சினாலும் பீரில் மருந்து வாடை வந்துவிடும், ஒரு மாத உழைப்பு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி மணக்கும். எந்த அமிலத்தோடும், வினிகரோடும் அதைக் கலக்காதீர்கள், நச்சுக் குளோரின் வாயு வரும். எவர்சில்வர் பாத்திரத்திலும் ஊற வைக்காதீர்கள், அரித்துவிடும்.

டியூப், கரண்டி, புனல், மூடிகள், இரண்டாவது வாளி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். டியூபின் உட்புறத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

சர்க்கரைக் கணக்கு

இங்கேதான் தேக்கரண்டி என்னைக் கவிழ்த்தது. ஒரே கரண்டியால், ஒரே சர்க்கரையை, ஒரே நாளில் போட்டேன். பிற்பாடு தராசு வாங்கியபின் சந்தேகத்தில் அதே கரண்டியால் பத்துத் தடவை அள்ளி எடை போட்டுப் பார்த்தபோது மூன்று கிராமிலிருந்து ஆறு கிராம் வரை வந்தது. அந்தத் தடவை அடைத்ததில் சில பாட்டில் தண்ணீர் மாதிரி, சில பாட்டில் திறந்ததும் கூரையைத் தொட்டது, ஒன்று மட்டும் இரவில் படுக்கையறை அலமாரிக்குள் டப்பென்று போனது. கதவைத் திறந்து பார்த்தால் மேல் தட்டில் மடித்து வைத்திருந்த சட்டைகளில் பழுப்புச் சில்லுகள் ஊசி மாதிரி நின்றன. பாட்டிலின் கழுத்தும் மூடியும் அப்படியே ஒட்டிக்கொண்டு, யாரோ கவனமாக வெட்டி வைத்ததுபோல ஒரு மூலையில் கிடந்தன. அன்றைக்கு அந்தக் கதவு திறந்திருக்கும்போது வெடித்திருந்தால் என்று யோசித்ததோடு கரண்டிக் கணக்கு முடிந்தது.

சரி, கணக்கு. பீரில் ஏற்கெனவே கொஞ்சம் கேஸ் கரைந்திருக்கும். நொதித்து முடிந்த பிறகு அது எட்டிய அதிகபட்ச வெப்பநிலையைப் பொறுத்தது அது: 15 டிகிரி என்றால் 1 வால்யூம், 20 என்றால் 0.85, 25 என்றால் 0.75, 30 என்றால் 0.7. வேண்டிய அளவிலிருந்து இதைக் கழியுங்கள். மிச்சமிருக்கும் ஒவ்வொரு வால்யூமுக்கும் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் வெள்ளைச் சர்க்கரை. இவ்வளவுதான் மொத்தக் கணக்கும். 20 டிகிரியில் நின்ற பீருக்கு 2.4 வால்யூம் வேண்டும் என்றால் 1.55 பாக்கி, நாலால் பெருக்கினால் 6.2. நான் 6 என்றே வைத்துக்கொள்வேன். 5 லிட்டருக்கு 30 கிராம், 10 லிட்டருக்கு 60, 20 லிட்டருக்கு 120. கோதுமை பீருக்கு 3.2 வால்யூம் வேண்டும் என்றால் லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் போகும், அதற்குத் தடித்த பாட்டில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

இரண்டு இடத்தில் தப்பு வரும். ஒன்று, அடைக்கும் முன் தெளிவதற்காக பீரை ஃபிரிட்ஜில் வைத்து 3 டிகிரிக்குக் கொண்டுவந்திருப்பீர்கள், கணக்கில் 3 டிகிரி என்று போட்டால் கேஸ் ஏற்கெனவே நிறைய இருப்பதாக நினைத்துச் சர்க்கரையைக் குறைத்துவிடுவீர்கள். நொதித்தல் முடிந்தபின் குளிரவைத்ததால் புதிதாகக் கேஸ் எங்கிருந்தும் வராது, நொதித்து முடிந்தபோது இருந்த வெப்பநிலையையே போடுங்கள். இன்னொன்று, வாளியில் 20 லிட்டர் ஊற்றியது என்பதால் 20-க்குச் சர்க்கரை போடுவது. அடியில் மண்டி போக 18 லிட்டர்தான் தேறும். இரண்டாவது வாளியில் முன்பே லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் டேப் ஒட்டிக் குறித்து வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

எந்தச் சர்க்கரை? சாதாரண வெள்ளைச் சர்க்கரையே போதும். இந்த அளவில் அதற்கென்று எந்தச் சுவையும் வராது. குளுக்கோஸ் பொடி போடுவதாக இருந்தால் பத்து, பதினைந்து சதவீதம் கூடுதலாகப் போடுங்கள். தேன், வெல்லம் மாதிரியானவற்றில் நீரும் மற்றவையும் எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாது, பழகும் வரை தொடாதீர்கள்.

சர்க்கரையை பீரில் சேர்க்கும் வழிகள்

இரண்டாவது வாளி இருந்தால் மொத்தமாகக் கலப்பதே மேல். எடை போட்ட சர்க்கரையை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி போட்டு ஆறவிடுங்கள். கிருமி நீக்கிய வாளியின் அடியில் அதை முதலில் ஊற்றி, அதன் மேல் டியூப் வழியாக பீரை இறக்குங்கள். டியூபின் முனை வாளியின் அடியில் சுவரை ஒட்டி வளைந்து படுத்திருந்தால் பீர் தானாகச் சுழன்றுகொண்டே ஏறும், பாகும் அதோடு கலந்துவிடும். நான் அதை மட்டும் நம்புவதில்லை, கிருமி நீக்கிய நீளக் கரண்டியால் மேற்பரப்பு கலையாமல் அடியிலிருந்து நாலைந்து சுற்று மெல்லச் சுற்றுவேன். முப்பது பாட்டில் நிரப்பிய பிறகு மறுபடி ஒரு தடவை. இரண்டாவது வாளி இல்லையென்றால் பெரிய எவர்சில்வர் பாத்திரமும் அதே வேலையைச் செய்யும்.

எதுவுமே இல்லை, ஒரே வாளிதான் என்றால் சிரிஞ்ச். 60 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்து, ஆறியதும் கொதித்து ஆறிய நீர் சேர்த்து மொத்தம் 200 மி.லி. வரும்படி செய்யுங்கள். கவனிக்க, 200 மி.லி. தண்ணீரில் கரைப்பது இல்லை, கரைசல் மொத்தமாக 200 வர வேண்டும். இப்போது ஒவ்வொரு மி.லி.யிலும் 0.3 கிராம் சர்க்கரை இருக்கும், பாட்டிலின் ஒவ்வொரு 100 மி.லி.க்கும் 2 மி.லி. கரைசல் என்று போட்டால் லிட்டருக்கு 6 கிராம் கணக்கு சரியாக வந்துவிடும்: 330-க்கு 6.6, 500-க்கு 10, 650-க்கு 13. ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று போதும். இந்த 200 மி.லி. பத்து லிட்டர் பீருக்குக் காணும். பாட்டில் பாட்டிலாகப் போடுவது பொறுமையைச் சோதிக்கும், ஆனால் அளவு துல்லியமாக இருக்கும், வெவ்வேறு அளவு பாட்டில்கள் கலந்து கிடந்தாலும் பிரச்சினை இல்லை. வாளி கலங்காது, பீரை ஒரு தடவை குறைவாக இடம் மாற்றுகிறீர்கள் என்பதால் காற்றும் குறைவாகப் படும். சொல்லப்போனால் ஐந்து லிட்டர், பத்து லிட்டர் அளவுக்கு நான் இப்போதும் இதைத்தான் செய்கிறேன்.

கட்டிச் சர்க்கரையும் போடலாம். ஒரு கட்டியை எடை போடுங்கள், 4 கிராம் என்றால் 650 மி.லி. பாட்டிலுக்கு ஒன்று சரியாக இருக்கும், 330-க்கு அது இரட்டிப்பு, போடாதீர்கள். முதலில் கட்டி, பிறகு பீர். நிரப்பிய பாட்டிலில் சர்க்கரையைப் போட்டால் நுரை பொங்கி மேசை நனையும்.

நொதித்த வாளியிலேயே பாகை ஊற்றிக் கலக்குவது என்று ஒரு வழியும் சொல்வார்கள். பலமாகக் கலக்கினால் மண்டி எழும், மெதுவாகக் கலக்கினால் பாகு அடியில் தங்கும். வேறு வழியே இல்லாதபோது மேல் பாதியை மட்டும் மெல்லக் கலக்கி அரை மணி நேரம் விட்டு நிரப்பலாம். சிரிஞ்ச் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது.

நிரப்புதல்

அடைக்கும் நாளுக்கு முந்தைய இரவே வாளியை மேசை மேல் ஏற்றிவிடுங்கள், காலையில் தூக்கினால் படிந்த மண்டி எல்லாம் கிளம்பிவிடும். ஒரு பக்கத்துக்கு அடியில் மடித்த துணி வைத்துச் சற்றுச் சாய்த்தால் மண்டி ஒரு பக்கமாக ஒதுங்கும். பாட்டில்களைத் தரையில் ஒரு அகலமான தட்டுக்குள் வையுங்கள், சிந்துவது அதற்குள்ளேயே போகட்டும்.

டியூபை வாயால் உறிஞ்சி ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் செய்வதுதான், நம் வாயில் இருக்கும் பாக்டீரியாவுக்கு பீர் ரொம்பப் பிடிக்கும் என்பதுதான் சிக்கல். டியூபைக் கொதித்து ஆறிய நீரால் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையை பீருக்குள் விட்டு, மறுமுனையைத் தாழ்வாக ஒரு குவளையில் பிடித்து விரலை எடுங்கள். முதலில் தண்ணீர் வரும், பின்னால் நிறம் மாறி பீர் வரும், அந்த நேரத்தில் டியூபை மடித்துக் கிள்ளி நிறுத்தி பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். பீருக்குள் இருக்கும் முனையைக் கிருமி நீக்கிய எவர்சில்வர் கரண்டிக் காம்போடு சேர்த்துக் கட்டி, அடியிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. மேலே நிற்கும்படி வைத்தால் மண்டியை உறிஞ்சாது.

பாட்டிலுக்குள் டியூப் அடிவரை போக வேண்டும். பீர் மேலிருந்து சலசலவென்று விழக் கூடாது, அடியிலிருந்து சத்தமில்லாமல் ஏற வேண்டும். இந்தக் கட்டத்தில் பீருக்குள் போகும் ஆக்சிஜனை ஈஸ்ட் முழுதாகத் தின்று தீர்க்காது, இரண்டு மாதத்தில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சுவை வரும். ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட பீரில் இரண்டு வாரத்திலேயே மணம் செத்து, நிறமும் கறுக்கும். வால்வு வைத்த நிரப்பும் குச்சி ஒன்று உண்டு, அடியில் அழுத்தினால் திறக்கும், தூக்கினால் மூடும். கருவி என்று ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள். பாட்டில் விளிம்புவரை நிரப்பிவிட்டுக் குச்சியை வெளியே எடுத்தால் அது அடைத்திருந்த இடமே சரியான காலியிடமாக மிஞ்சும். டியூப் மட்டும் வைத்திருப்பவர்கள் கண்ணால் பார்த்து மேலே 2 முதல் 3 செ.மீ. விடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் இன்னொரு தந்திரம், நிரப்பியபின் பீர் வாய் வரை ஏறும்படி பாட்டிலை அமுக்கிப் பிடித்துக்கொண்டே மூடியைத் திருகுங்கள். காற்று வெளியே போய்விடும், ஒரு வாரத்தில் பாட்டில் தானாக உப்பிப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும், கேஸ் ஏறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

வாளியின் கடைசி ஒரு லிட்டர் கலங்கலாக வரும். அதில் நிரப்பும் பாட்டிலுக்குத் தனியாக ஒரு அடையாளம் போட்டு முதலில் குடித்துவிடுங்கள்.

மூடுதல்

மூடிகளைச் சானிடைசரில் நனைத்து, நிரப்பிய ஒவ்வொரு பாட்டிலின் மேலும் உடனே சும்மா வைத்துவிட்டு, பத்துப் பாட்டில் சேர்ந்ததும் மொத்தமாக இறுக்கலாம். இறுக்குவதற்கு இரண்டு கைப்பிடி உள்ள கேப்பர் என்ற மூடும் கருவி போதும். சுத்தியலால் அடித்து மூடும் ஒரு சின்னக் கருவியும் விற்கிறார்கள், மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, ஓர் அடி சாய்ந்தால் கழுத்து உடையும். பாட்டிலை ஈரத்துணி மேல் வைத்துக்கொண்டால் வழுக்காது. கைப்பிடி இரண்டும் ஒரே அளவில் இறங்க வேண்டும், முழுதாக இறங்கியதும் ஒரு மெல்லிய ‘டக்’ கையில் உணர்வாகத் தெரியும். பிறகு பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், மூடியைத் திருகிப் பாருங்கள், சுற்றினால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், கழற்றிவிட்டுப் புதிய மூடி. பழைய மூடியைத் தட்டிச் சரிசெய்து மறுபடி போடும் சிக்கனம் வேண்டாம். 1892-ல் வில்லியம் பெயின்டர் இதற்குக் காப்புரிமை வாங்கியபோதே ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறியத்தான் செய்தார்.

பாட்டிலில் தேதியும் சர்க்கரை அளவும் எழுதி ஒட்டுங்கள். மூடியின் மேலேயே மார்க்கரால் எழுதினால் இன்னும் சுலபம்.

காத்திருப்பு

18 முதல் 24 டிகிரிக்குள், இருட்டில், இரண்டு வாரம். ஈஸ்டுக்குச் சூடு வேண்டும் என்பதால் உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் எதுவும் நடக்காது. 15 டிகிரிக்குக் கீழே என்றால் மூன்று நான்கு வாரம்கூட ஆகும், 8 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீரும் அப்படித்தான் இழுக்கும். மாதக்கணக்கில் தெளியவிட்ட பீர் என்றால் 20 லிட்டருக்கு 2 கிராம் உலர் ஈஸ்டைப் பிரைமிங் செய்யும்போதே சேர்த்துவிடுங்கள். கண்ணாடி பாட்டில்களை மூடி உள்ள கனமான பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளோ, தடித்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து மேலே பழைய கம்பளி போட்டோ வையுங்கள். ஒன்று உடைந்தாலும் உள்ளேயே முடியும். நடமாட்டம் உள்ள இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் வேண்டாம். சட்டை அலமாரியும் வேண்டாம்.

சோதனைக்கு வைத்த பிளாஸ்டிக் பாட்டிலை நான்காம் நாளிலிருந்து அமுக்கிப் பாருங்கள். ஒரு வாரத்தில் கல் மாதிரி இறுகியிருந்தால் எல்லாம் நல்லபடி போகிறது. ஏழாம் நாள் ஒரு பாட்டிலைக் குளிரவைத்துத் திறந்து பார்ப்பதில் தப்பில்லை, அந்த ஆர்வத்தை அடக்கச் சொல்லி நான் பொய் பேச மாட்டேன்.

கணக்கு பிசகினால்

இரண்டு வாரம் கழித்தும் கேஸே இல்லை என்றால் முதலில் இடத்தின் சூட்டைப் பாருங்கள், பத்தில் எட்டு முறை அதுதான். 22 டிகிரி உள்ள இடத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் ஒரு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி அடியில் தூங்கும் ஈஸ்டைக் கிளப்பி, இன்னும் பத்து நாள் விடுங்கள். சில பாட்டிலில் மட்டும் இல்லை என்றால் மூடி கசிகிறது. எதுவானாலும் உடனே திறந்து இன்னும் சர்க்கரை போடாதீர்கள், முதலில் போட்டதே அங்கேதான் இருக்கிறது.

கேஸ் அளவுக்கு மீறிவிட்டால், அதாவது சோதனை பாட்டில் அடிப்பாகம் உப்பி நிற்கிறது அல்லது ஒரு கண்ணாடி பாட்டில் ஏற்கெனவே போய்விட்டது என்றால், மற்றவற்றை வெறுங்கையால் தொடக் கூடாது. தடித்த கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. பெட்டிமேல் கனமான போர்வை போட்டு, முடிந்தவரை பெட்டியோடு சேர்த்தே குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். குளிர்ந்தால் கேஸ் பீருக்குள் கரைந்து அழுத்தம் இறங்கும். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்தபின் துணியால் மூடிக்கொண்டே மூடியை லேசாகத் தூக்கி ‘உஸ்’ என்று கேஸை விட்டு, பத்து நிமிடம் கழித்துப் புதிய மூடி போடலாம். பீர் இன்னும் நொதித்துக்கொண்டிருக்கிறது என்றால் சில நாளில் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். சுவையில் எதிர்பாராத புளிப்போ, பாட்டில் கழுத்தில் வளையமாகப் படலமோ தெரிந்தால் அது கிருமி. அதைச் சேமிக்கப் பார்க்காமல் குளிரவைத்துத் திறந்து கொட்டிவிடுங்கள், டியூபையும் அதோடு சேர்த்து மாற்றுங்கள்.

ஊற்றுவது

குடிப்பதற்கு இரண்டு நாள் முன்பே ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். கேஸ் நன்றாகக் கரையும், ஈஸ்ட் அடியில் கெட்டியாகப் படியும். குவளையைச் சாய்த்து, பாட்டிலை நடுவில் நிமிர்த்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள், அடியில் ஒரு செ.மீ. மிச்சம் இருக்கும்போது கழுத்தை நோக்கி வெண்மையாக ஒரு கோடு ஊர்ந்து வரும், அதைப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். கோதுமை பீர் என்றால் சிலர் அதையும் சுழற்றி ஊற்றிக்கொள்வார்கள். அப்புறம், முதல் மடக்குக்கு முன்னால் எழுந்து போய்க் காலி பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கி இரண்டு தடவை அலசிக் கவிழ்த்துவிட்டு வாருங்கள். இப்போது அரை நிமிட வேலை, நாளைக் காலை என்றால் மண்டி காய்ந்து வளையம் போட்டிருக்கும்.